நீ நினைத்ததும் நீ எழுதியதும்

ஸ்டெல்லா,

ஒரே வீட்டில் இருக்கிற மகளுக்குக் கடிதம் எழுதுகிற அப்பனை நினைத்து நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். நீ கம்ப்யூட்டர் சென்டரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வரப் போயிருக்கிறாய். உன் அம்மா மண்ணூரில் மாதா கோயில்காரர்களின் அன்பியக் கூட்டம் என்று கிளம்பிவிட்டாள். வீட்டில் நானும் என் இடுப்பு பெல்ட்டும் மட்டும்தான். நாளைக் காலையில் உனக்கு பெங்களூர் பஸ். வேலைக்கு வரச் சொன்ன தாள் வந்த நாளிலிருந்து "போகட்டுமாப்பா?" என்று நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய். நானும் "உன் இஷ்டம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பதில் இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நேற்று நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாயிலிருந்து எழுந்ததைப் பார்த்தாய். கொஞ்ச நேரம் கழித்து, மடித்து வைத்த சுடிதார்களைப் பெட்டியிலிருந்து எடுத்துத் திரும்பவும் கொடியில் போட்டாய். போகாதே என்று நான் சொன்னேனா? சொல்லவில்லை. ஆனால் நீ என் முகத்தைப் பார்த்து ஏதோ படித்துக்கொண்டு, அதன்படி நடக்க ஆரம்பித்துவிட்டாய். இந்த வியாதி உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், மகளே. என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதான். அதனால்தான் உன் பதினொன்றாம் வகுப்புக் கதையை உனக்கே திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாம் தெற்கேயிருந்து பெட்டி படுக்கையோடு இங்கே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்தபோது நீ சின்னப் பிள்ளை. கார் கம்பெனிகள் வந்த புதிது. நான் ஊரில் பம்ப்செட் மெக்கானிக். எந்த மோட்டாரையும் காதால் கேட்டே கோளாறு சொல்வேன் என்று எனக்குக் கொஞ்சம் கொழுப்பு உண்டு. இங்கே கார் கதவுக்குள் போகிற சாமான்களை மாட்டுகிற லைனில் நிறுத்தினார்கள். தலைக்கு மேலே ஒரு ஷீட் தொங்கும். எந்த போல்ட் முதலில், எது அடுத்தது, எவ்வளவு முறுக்க வேண்டும் என்று எல்லாம் அதில் படத்தோடு இருக்கும். வந்த புதிதில் நான் என் சௌகரியத்துக்கு வரிசையை மாற்றி மாட்டினேன். வேகமாகத்தான் முடிந்தது. சூப்பர்வைசர் பையன், என்னைவிட எவ்வளவோ சின்னவன், பக்கத்தில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னான்: "அண்ணே, உங்க மூளைய கேட்டுலயே செக்யூரிட்டிகிட்ட குடுத்துட்டு வாங்க. போகும்போது வாங்கிக்கலாம். லைன்ல ஷீட்டுல இன்னா கீதோ அத்த மட்டும் செய்யணும். ஷீட்டு தப்பா இருந்தா லைன நிறுத்திட்டுக் கத்துங்க, நீங்களா சரி பண்ணாதீங்க." எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் போகப் போக அதில் நான் கெட்டிக்காரன் ஆகிவிட்டேன். ஷீட்டில் இல்லாத ஒரு காரியத்தை என் கை செய்யாது என்று பெருமை பேசுகிற அளவுக்கு ஆகிவிட்டேன்.

நீ பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கி, கம்ப்யூட்டர் குரூப்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாய். இடமும் கிடைத்தது. ஆனால் உங்கள் பள்ளிக்கூடத்து லேப் நமக்குத் தெரியாததா? வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே ஏசி. மனுஷனுக்கு இல்லை, மெஷினுக்கு. பிளாஸ்டிக் உறை போட்ட நாலைந்து கம்ப்யூட்டர், அதில் ஒன்று எப்போதும் ரிப்பேர். ஒரு மெஷினைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். தைரியமாகக் கை நீட்டுகிறவன் தட்டுவான், மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். நீ எட்டிப் பார்க்கிற கூட்டத்தில் இருந்தாய். மற்ற பிள்ளைகள் சாயங்காலம் வெளியே சென்டரில் போய்ப் பழகிக்கொண்டார்கள். நம்மால் அது முடியாது என்று நீயே முடிவு பண்ணிக்கொண்டு என்னிடம் கேட்கக்கூட இல்லை. அப்போதே உனக்கு முகம் பார்க்கிற புத்தி வந்துவிட்டது, நான்தான் கவனிக்கவில்லை.

அப்புறம் அந்த அறிவிப்பு வந்தது. லேப் கொள்ளாத அளவுக்குப் பிள்ளைகள் சேர்ந்துவிட்டதால் ஒரு டெஸ்ட் வைக்கப் போகிறார்கள், சொந்தமாகப் புரோகிராம் எழுதி ஓட்டிக் காட்டாதவர்கள் வேறு குரூப்புக்குப் போக வேண்டும் என்று. நீ வீட்டுக்கு வந்து இதைச் சொன்னாய். கம்ப்யூட்டர் இல்லாத வீட்டில் எப்படிப் பழகுவது? நீதான் வழி கண்டுபிடித்தாய். "அப்பா, நீங்க கம்ப்யூட்டரா இருங்க" என்றாய். நான் எழுதுகிற ஒவ்வொரு வரியையும் நீங்கள் அப்படியே செய்ய வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது, யோசிக்கக் கூடாது என்றாய். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஷீட்டில் உள்ளதை மட்டும் செய்வதற்குத்தானே எனக்கு அங்கே சம்பளம்! "இதுக்குன்னே பொறந்தவன்ட்டி நான்" என்றேன்.

தரையில் எவர்சில்வர் டம்ளர்களை வரிசையாக வைத்தோம். நீ தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களிலிருந்து 7, 3, 9, 2, 5 என்று எடுத்து ஒவ்வொன்றிலும் போட்டாய். முதல் டம்ளருக்குப் பெயர் பூஜ்ஜியம் என்றாய். அங்கேயே சண்டை. முதலாவது எப்படிப் பூஜ்ஜியம் ஆகும், எங்கள் லைனில் பூஜ்ஜியமாவது ஆள் என்று ஒருத்தன் உண்டா என்று கேட்டேன். "கம்ப்யூட்டர் கேள்வி கேக்காது" என்று வாயை அடைத்தாய். சின்ன எண்ணிலிருந்து பெரிய எண் வரைக்கும் வரிசைப்படுத்த வேண்டும். பக்கத்துப் பக்கத்து டம்ளர்களைப் பார்க்க வேண்டும், இடது பக்கம் பெரிதாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்ற வேண்டும், கடைசி வரைக்கும் போய்த் திரும்பவும் முதலிலிருந்து வர வேண்டும். நீ தாளைப் பார்த்து ஒவ்வொரு வரியாக வாசிப்பாய், நான் சப்பணமிட்டு உட்கார்ந்து செய்வேன். எனக்குப் புரியாத வரி வந்தால் "எரர்" என்று கத்துவேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து, "ரெண்டு கிறுக்குகளும் டம்ளர எல்லாம் எடுத்துக்கிட்டா நான் காப்பிய எதுல ஊத்த?" என்று கேட்பாள். வாடகை வாங்க வந்த வீட்டுக்கார அக்கா நம் கோலத்தைப் பார்த்து, "இன்னாம்மா இது, வூடு பூரா டம்ளரா கீது, எதுனா விசேஷமா?" என்று கேட்டது நினைவிருக்கிறதா? "எங்க வீட்டுக்காரரு மெஷின் ஆயிட்டாரு அக்கா" என்று அம்மா சொன்னாள். அந்த நாட்களில் நாம் மூன்று பேரும் சிரித்த மாதிரி அதற்கு முன்னால் சிரித்ததில்லை என்று எனக்குத் தோன்றும். கடைசியில் 2, 3, 5, 7, 9 என்று டம்ளர்கள் வரிசையாக வந்து நின்றபோது நீ என் தோளைப் பிடித்துக் குலுக்கினாய். திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

டெஸ்ட் அன்று நீ சாயங்காலம் வந்து பையைக்கூட இறக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாய். "ஏட்டி, சாப்பிட வாரியா இல்லையா?" என்று அம்மா கூப்பிட்டுப் பார்த்தாள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாய். புரோகிராம் ஓடியது. ஆனால் திரையில் 2, 2, 2, 2, 5 என்று வந்தது. உங்கள் மிஸ் குனிந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இது? ஏழு எங்க? மூணு எங்க? ஒன்பதக் காணோம்?" என்று கேட்டார்கள். பின்னால் நின்ற பையன்கள் சிரித்தார்கள். பெல் அடித்துவிட்டது. திங்கட்கிழமை குரூப் மாற்றுகிறவர்களின் பெயரை வாசிப்பார்கள் என்றாய். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! மெஷின் கோளாறாக இருக்கும், ரிப்பேர் மெஷினை என் பிள்ளை தலையில் கட்டியிருப்பார்கள், நாளைக்கே ஹெட்மாஸ்டரைப் பார்க்கிறேன் என்று குதித்தேன். நம் வீட்டில் சரியாக வந்த கணக்கு அங்கே எப்படித் தப்பாகும்? என் டம்ளர்கள் பொய் சொல்லுமா?

மறுநாள் நீ அழுது முடித்த முகத்தோடு வந்து டம்ளர்களை எடுத்து வைத்தாய். "அப்பா, நான் எழுதுனத மட்டும் செய்யுங்க" என்றாய். நான் எப்போதும் அதைத்தானே செய்கிறேன் என்றேன். முதல் டம்ளரில் ஏழு, அடுத்ததில் மூன்று. இடம் மாற்ற வேண்டும். நான் வழக்கம்போல இடது கையில் ஏழை எடுத்தேன், வலது கையில் மூன்றை எடுத்தேன், மாற்றிப் போடப் போனேன். நீ சட்டென்று என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாய். கொஞ்ச நேரம் என் கைகளையே பார்த்தாய்.

"நான் அப்படி எழுதலப்பா."

"இடம் மாத்தணும்னுதானட்டி நீ நெனச்ச?"

"நெனச்சேன். எழுதல."

நீ எழுதியிருந்தது இரண்டு வரி. அடுத்த டம்ளரில் இருப்பதை இந்த டம்ளரில் எழுது. இந்த டம்ளரில் இருப்பதை அடுத்த டம்ளரில் எழுது. அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்கு என்னைப் போல் இரண்டு கை கிடையாது என்றாய். ஒரு இடத்தில் புதிதாக எழுதினால் அங்கே ஏற்கெனவே இருந்தது அழிந்துவிடும் என்றாய். நான் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, பென்சிலை எடுத்து, நீ எழுதினபடியே செய்தேன். ஏழை எடுத்துப் போட்டுவிட்டு அந்த இடத்தில் மூன்று என்று எழுதி வைத்தேன். அடுத்த வரி. இந்த டம்ளரில் இருப்பதை அடுத்ததில் எழுது. இதில் இருப்பது இப்போது மூன்று. அங்கேயும் மூன்று. ஏழு போயே போய்விட்டது. நான் ஒவ்வொரு தடவையும் என் புத்தியை வைத்து உன் ஓட்டையை அடைத்துக்கொண்டே வந்திருக்கிறேன், அதனால் ஓட்டை இருப்பதே உனக்குத் தெரியாமல் போய்விட்டது. லைனில் ஒரு போல்ட்டைக்கூட ஷீட்டுக்கு மாறாக முறுக்காதவன், வீட்டில் உன் தாளை ஒரு நாளும் படித்தபடி செய்யவில்லை. இதை நான் தெரிந்து செய்யவில்லை. உன் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது, கை அதைச் செய்துவிட்டது. பெற்றவர்களின் கை அப்படித்தான் வேலை செய்யும் போல.

கோபத்தில் நான், "அப்ப முழுசா எழுதித் தொலைக்க வேண்டியதுதானே!" என்று கத்தியதும் உண்மை. நீயும் விடவில்லை, "நீங்க சும்மா இருந்திருந்தா நான் எழுதியிருப்பேன்" என்றாய். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்புறம் நீ எழுந்து போய் அம்மாவின் கையிலிருந்து காப்பி டம்ளரை வாங்கி, கழுவி, வரிசைக்கு வெளியே தனியாக வைத்தாய். ஏழை முதலில் அதில் எழுது என்றாய். அப்புறம் மூன்றை இங்கே. அப்புறம் அதிலிருந்து ஏழை அங்கே. ஒரு கையாலேயே செய்தேன். ஏழு தொலையவில்லை. நான் சொல்லித் தரவில்லை, மிஸ் சொல்லித் தரவில்லை, நீயே கண்டுபிடித்தாய். அப்போது உன் முகம் மலர்ந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஆனால் டெஸ்ட்தான் முடிந்துவிட்டதே. திங்கட்கிழமை நான் ஷிப்டில் பெர்மிஷன் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு உன்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். ஹெட்மாஸ்டரிடம் என்ன பேச வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் பண்ணிக்கொண்டேன். கேட்டில் நீ நின்றுவிட்டாய். "இன்னொரு தடவ ஓட்டிக் காட்டட்டுமான்னு நானே மிஸ்கிட்ட கேட்டுக்கறேன்ப்பா. நீங்க இங்கயே இருங்க." எனக்குச் சுருக்கென்றது. உனக்குப் பேச வராதே, வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி நிற்பாயே என்று பயம். ஆனாலும் கேட்டுக்குப் பக்கத்துச் சைக்கிள் ஸ்டாண்டிலேயே நின்றேன். நீ ஸ்டாஃப் ரூம் வாசலில் நிற்பது தெரிந்தது. மிஸ் தலையை ஆட்டுகிறார்கள், இல்லை என்கிற மாதிரி. நீ போகாமல் நிற்கிறாய். என் கால் இரண்டு தடவை உன்னை நோக்கி நகர்ந்தது, இரண்டு தடவையும் நான் அதை நிறுத்தினேன். கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் நின்றபோதுகூட எனக்கு அவ்வளவு வேர்த்ததில்லை. கடைசியில் மிஸ் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார்கள், நீ பின்னால் போனாய். மற்ற பிள்ளைகள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரம் அது. நீ லேப் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதைப் பார்த்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் நின்ற நேரத்தில் அந்தோணியார்கூட என் புலம்பல் தாங்காமல் காதைப் பொத்தியிருப்பார். நீ வெளியே வந்தபோது வெறுங்காலோடு மைதானத்தின் குறுக்கே ஓடி வந்தாய். "வந்துடுச்சுப்பா, எல்லாம் வந்துடுச்சு, ஒன்பதும் வந்துடுச்சு!" செருப்பை எடுக்க அப்புறம் திரும்பிப் போனாய். உன் பின்னால் வந்த மிஸ் என்னைப் பார்த்து, "நல்லா எழுதியிருக்கா சார். அதவிட, விடாம நின்னு கேட்டா" என்றார்கள். உன்னை கம்ப்யூட்டர் குரூப்பிலேயே வைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நம் வீட்டில் உன் கம்ப்யூட்டர் பாடங்கள் எல்லாம் எப்படி நடந்தன! ஸ்டாக் என்று ஒரு பாடம் வந்தபோது, கழுவி அடுக்கின தட்டுகளை மேலேயிருந்துதான் எடுக்க வேண்டும் என்று அம்மாவுக்குச் சட்டம் போட்டாய். அடியில் இருக்கிற தட்டுத்தான் அவளுக்குப் பிடிக்கும். முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்கிற க்யூ பாடம் வந்தபோது தண்ணீர் லாரிக்கு வைத்த குடங்களைப் பார்த்துப் படித்தாய். வீட்டுக்கார அக்கா கடைசியாக வந்து முதலில் குடத்தை வைத்ததைப் பார்த்து, "இது க்யூ இல்லக்கா" என்று நீ சொல்ல, "என் வூட்டாண்ட வர்ற லாரிக்கு நான் எதுக்கும்மா நிக்கணும்?" என்று அவர் சண்டைக்கு வந்தார். அப்போதும் நான் கம்ப்யூட்டராக உட்கார்ந்தேன். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். உனக்கு உதவ வேண்டும் என்று வருகிற ஆசையை அடக்கி உட்காருவது, கதவு லைனில் ஓடி நிற்பதைவிடக் கஷ்டமான வேலை. அப்புறம் தண்டலத்தில் காலேஜ் முடித்தாய், சென்டரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போனாய், இப்போது பெங்களூர் கம்பெனி உன்னைக் கூப்பிடுகிறது.

அங்கே போனால் ஒன்றை மட்டும் மறக்காதே. அங்கே யாரும் உன் முகத்தைப் பார்த்து உன் மனசைப் படித்து உனக்காகச் செய்ய மாட்டார்கள். அது அவர்கள் குற்றம் இல்லை. பசித்தால் பசி என்று சொல். வேலை புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல். ஹாஸ்டல் அறையில் கூட இருக்கிற பெண் உன் சோப்பை எடுத்தால், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் வாயைத் திறந்து கேள். நாளைக்கு உனக்கு ஒருத்தன் வருவான். அவனும் உன் அப்பன் மாதிரி சொல்லாமலே புரிந்துகொள்வான் என்று காத்திருந்து ஏமாறாதே. ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று கேட்டாயே, அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போ.

இப்போது என் பக்கம். நீ என் முகத்தைப் பார்த்து ஊகித்து நடக்கிறாய் என்றால், நான் முழுசாக எழுதவில்லை என்றுதானே அர்த்தம்? எழுதிவிடுகிறேன். எனக்கு இடுப்பு வலிக்கிறது. லைனிலிருந்து எடுத்து, கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலை என்று உட்கார வைத்திருக்கிறார்கள், அது எனக்கு அவமானமாகத்தான் இருக்கிறது. நீ இல்லாத வீட்டில் சாயங்காலம் எப்படிப் போகும் என்று பயமாக இருக்கிறது. உன் அம்மா நீ போன மறுநாளிலிருந்து என்னோடு பேசுவதற்கு விஷயம் தேடுவாள், நானும் தேடுவேன். எனக்கு நீ போவது பிடிக்கவில்லை. ஒரு துளிகூடப் பிடிக்கவில்லை. அதே சமயம், நீ போக வேண்டும். என் இடுப்புக்காக நீ இங்கே நின்றுவிட்டால் அந்த வலி எனக்குக் குறையாது, கூடத்தான் செய்யும். நீ போய் நன்றாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன், அதுவும் முழுசாக உண்மை. இந்த இரண்டில் ஒன்றை வைத்து இன்னொன்றை அழித்துவிடாதே. இதற்கு மேல் என் மனசில் எழுதாமல் விட்டது எதுவும் இல்லை.

கொடியில் கிடந்த சுடிதார்களை நான் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். மடிப்பு உனக்குப் பிடிக்காது, நீயே திரும்ப மடித்துக்கொள். இந்தக் கடிதத்தைப் பெட்டி மேலேயே வைக்கிறேன். நாளைக் காலையில் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு நானும் வருவேன். பெட்டியைத் தூக்க விட மாட்டாய், தெரியும், பரவாயில்லை. பஸ்ஸில் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்து "போகட்டுமாப்பா?" என்று மட்டும் கேட்காதே. "போயிட்டு வாரேம்ப்பா" என்று சொல். நான் அழுதாலும் நீ ஏறு.

உன் அப்பா